சுவரில் ஆடாத நிழல்

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை. வாசலில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து போனைத் தடவி, இன்றைக்கு மழை இல்லை என்பான். என் மகள் முத்துப்பிரியா அதற்கும் மேலே. பெங்களூரில் அவளுக்குச் சோலியே, ஒருத்தனும் போக முடியாத கிரகங்களிலிருந்து என்ன வாயு தப்பி ஓடுகிறது என்று கண்டு சொல்வதுதான்.

தம்பியின் இரண்டாம் வருடத் திதிக்கு வந்திருந்தாள். அவள் தம்பி, என் மகன் முத்துக்கிருஷ்ணன், போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலக்காய் ஸ்டோருக்குள் விழுந்து செத்தவன். இருபத்தாறு வயது. நெஞ்சடைப்பு என்றார்கள், நானும் அதையே சொல்லி வந்தேன். அன்றிலிருந்து பூட்டிக் கிடந்த ஸ்டோரில் இந்த வருடம் மறுபடி அடுப்பு மூட்டப் போகிறேன் என்றதும், அவளும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி, கூரைக்கு மேலே புகைபோக்கியில் வெளியேறும். கடைசியில் தணல்தான் இருக்கும். புகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காலை வெயிலில் எதிர்ச்சுவரைப் பார்த்தால், புகைபோக்கியின் நிழலுக்கு மேலே தண்ணீர் மாதிரி ஒரு நெளிவு ஆடும். ஆட்டம் நின்றால் தணல் அணைந்துவிட்டது, உள்ளே போகலாம். முப்பது வருடம் அடுப்பைத் திறக்காமல் சுவரைப் பார்த்தே சொன்னவன் நான்.

ஜீப்பில் அவள் சோலியைப் பற்றிக் கேட்டேன், கேலிக்குத்தான். ஏதோ ஒரு கிரகம் தன் சூரியனை ஒட்டியே சுற்றுகிறதாம். வெக்கையில் அதன் காற்று கழன்று வால் மாதிரி நீளுமாம். சூரியனுக்குக் குறுக்கே அது போகும்போது, அந்த வாலில் ஹீலியம் என்ற வாயு இருந்தால் ஒரே ஒரு நிற வெளிச்சம் மட்டும் கொஞ்சம் மங்குமாம். இந்தத் தடவை மங்கவே இல்லை என்றாள்.

"அப்ப வாயு இல்லைன்னு எழுதிப்புட வேண்டியதுதானே ஆத்தா."

"அப்படி எழுத முடியாதுப்பா. வெளிய வர்றது தெரியலைன்னுதான் எழுதலாம். உள்ள நெறஞ்சு கெடக்கலாம்."

ஸ்டோருக்குக் கீழே வளைவில் ஜீப்பை நிறுத்தி இறங்கினோம்.

ஸ்டோருக்கு வந்ததும் நேரே அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு நீங்கதான தம்பிய உள்ள போகச் சொன்னீங்க. சுவத்துல என்ன ஆடுச்சு?"

"ஒண்ணும் ஆடல. அதான் போகச் சொன்னேன்."

அவனைத் தூக்கும்போது அடுப்பில் தணல் இருந்ததா என்று கேட்டாள். அந்த அமளியில் தணலை யார் பார்த்தது என்றேன். கூடத் தூக்கிய வேலையாள் கன்னையன் இரண்டு நாள் தலைவலியில் கிடந்து வாந்தி எடுத்தானாமே என்றாள். துக்கத்தில் வாந்தி வராதா? புகைபோக்கி அடைத்தால் சுவரில் ஒன்றும் ஆடாது, தணலின் வாயு மேலே போக வழியில்லாமல் குழாய் இடுக்கில் கசிந்து அறைக்குள் இறங்கும், அதற்கு வாசனை கிடையாது, ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும் என்றாள். நேரில் பார்க்காதவள் சொல்கிறாள்.

பார்க்காமல் மூட்ட விடமாட்டேன் என்று ஏணியைத் தூக்கிச் சாத்தி ஏறினாள். புகைபோக்கிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டாள். உள்ளே துழாவினாள். பிறகு, "அப்பா, வந்து பாருங்க" என்றாள், மெதுவாக.

கையில் எதையோ பிடித்திருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. குருவிக்கூடோ, சருகோ. இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த இடத்தில் என்னதான் அடையாது? அது அன்றைக்கும் இருந்தது என்று யார் கண்டது?

ஜீப் நிற்கும் வளைவைப் பார்த்து நடந்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. அன்று அந்தச் சுவரைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒன்றும் ஆடவில்லை.