பெர்சிமன் மரத்துக்குக் கட்டிய பாய்

எங்கள் மலைக்கிராமம் குராசாவாவில் மொத்தம் பதினான்கு வீடுகள். ஆள் இருப்பது ஒன்றில். அந்த ஆள் நான். எதிர்வீட்டு ஓகுயாமா போன வருட வசந்தத்தில், பனி உருகியதும் மகளோடு செண்டாய் நகரத்துக்குப் போய்விட்டான். "ஒரு வருஷம்தான் தமேயோஷி, திரும்பி வந்துடுவேன்" என்றான். குளிர்சாதனப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போகிறவன் திரும்பியா வருவான்? நான் என்ன பச்சைக் குழந்தையா!

எழுபத்தொரு வயதில் எனக்குச் சாகப் பயமில்லை. பேச ஆளில்லாததுதான் தாங்கவில்லை. சில நாள் பொழுது சாயும்போதுதான் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது உறைக்கும். உடனே "அடச்சீ!" என்று சத்தமாகச் சொல்வேன். அன்றைக்கு ஒரு வார்த்தையாவது பேசியதாக இருக்கட்டுமே.

அதனால்தான், ஓகுயாமாவின் வீட்டுக்குக் குடிவருவதற்காக அதைப் பார்க்க டோக்கியோவிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, ஆறு வயதுப் பெண் குழந்தையும் உண்டு என்று நகராட்சி அலுவலகத்து ஹிரோசே போனில் சொன்னதும், மூன்று நாள் குனிந்து அந்த வீட்டு வாசலில் களை பிடுங்கினேன்.

அவர்கள் வரும் அன்று காலையில்தான் அதைப் பார்த்தேன். தெருமுனையில் நிற்கும் எங்கள் பெர்சிமன் மரத்தில், நெஞ்சு உயரத்தில், ஐந்து ஐந்து கோடுகளாகக் கரடியின் நகக்கீறல். ஈரம்கூடக் காயவில்லை. அடியில் விதையும் தோலுமாக ஒரு குவியல் சாணம். சாணத்தை மண்வெட்டியால் அள்ளிப் புதைத்துவிட்டேன். கீறலை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது?

கொட்டகையில் ஒரு வைக்கோல் பாய் கிடந்தது. குளிருக்கு முன்னால் பைன் மரங்களின் இடுப்பில் இதைச் சுற்றுவோம். பூச்சிகள் உள்ளே ஒதுங்கும். பனிக்காலம் போனதும் கழற்றி எரிப்போம். பெர்சிமன் மரத்துக்கு, அதுவும் பழம் தொங்கும் அக்டோபரில், பாய் கட்டினால் எங்கள் பக்கத்தில் பைத்தியம் என்பார்கள். டோக்கியோக்காரர்களுக்கு என்ன தெரியப்போகிறது? இறுக்கிக் கட்டினேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். கணவன் குசுனோகி வண்டியை விட்டு இறங்கியதுமே பாயைப் படம் எடுத்தான். "எவ்ளோ அழகா இருக்கு! மரத்துக்குக் குளிராம இருக்கவா ஐயா?"

"ஆமா ஆமா" என்றேன்.

ஹிரோசே பாயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். உள்ளூர்ப் பையன், அவனுக்குத் தெரியாதா? பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவியைத் தேடினான். அவனுக்கும் இந்த ஊருக்கு ஆள் வேண்டும்.

அவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது, குழந்தை கோஹாரு பெர்சிமன் மரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்துக் கடித்துவிட்டாள். "தூ! தூ! தாத்தா, நாக்கு ஒட்டுது!"

"யார் உன்னைக் கடிக்கச் சொன்னா, வாலு? இது துவர்ப்புப் பழம். தோலைச் சீவி, கயித்துல கட்டித் தொங்க விடணும். புத்தாண்டுக்குச் சர்க்கரையா இனிக்கும்."

"அப்போ புத்தாண்டுக்கு நான் இங்கதான் இருக்கணும்" என்றாள்.

நெஞ்சு நிறைந்துபோனது. எத்தனை நாளாயிற்று, ஒருவர் என்னிடம் இப்படிப் பேசி!

வீடு பிடித்துவிட்டது. குசுனோகி கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டான். அவன் மனைவி ஹிரோசேயிடம் கேட்டாள்: "பள்ளிக்கூட வேன் எங்க நிக்கும்?"

"இந்த மரத்தடியிலதாங்க."

"நல்லதாப் போச்சு. காலையில கோஹாரு இங்கேயே நிக்கட்டும்."

அவ்வளவுதான். என் கை தானாகப் போனது. கயிற்றை அறுத்துப் பாயைப் பிய்த்துப் போட்டேன். "கரடி. இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி வந்திருக்கு. நான்தான் மறைச்சேன்."

தாய் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டாள். குசுனோகி பேனாவை மூடினான். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. குனிந்து வணங்கி, "சொன்னதுக்கு நன்றிங்க" என்றான்.

ஹிரோசே என்னை ஓரமாக இழுத்துப் போனான். "ஏன் பெரியவரே, கையெழுத்துப் போட்டப்புறம் சொல்லக்கூடாதா?"

"போடா போக்கத்தவனே!" என்றேன். பிறகு அவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "பறிக்க ஆளில்லாத பழம்தான் அதைக் கூப்பிடுது. மரம் போனா கரடி வராது. நான் வெட்டிடறேன்."

"யோசிச்சுச் சொல்றோம்" என்றாள் கோஹாருவின் அம்மா.

அது என் மனைவி ஃபுமியே இந்த வீட்டுக்கு வாழவந்த வருடம் நட்ட மரம். அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பழங்களை முழுக்கப் பறித்தேன். அடுத்த வருடமும் காய்க்கட்டும் என்று உச்சியில் ஒன்றை விடுவது எங்கள் வழக்கம், அதைக்கூட விடவில்லை. மறுநாள் ஹிரோசே ரம்பத்தோடு வந்தான். மரம் சாய்ந்தபோது நான் அழுதேன். அவன் பார்க்காத மாதிரி நின்றான். அடிமரத்தைப் படம் எடுத்து டோக்கியோவுக்கு அனுப்பச் சொன்னேன்.

டிசம்பரில் கடிதம் வந்தது. கடலோரத்தில் ஓர் ஊரில் வீடு எடுத்துவிட்டார்களாம். மரத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறதாம். எல்லாம் மரியாதையான எழுத்து. கீழே கோணல்மாணலாக கோஹாரு எழுதியிருந்தாள்: "தாத்தா, இனிச்சுதா?"

இனித்தது. சீவித் தொங்கவிட்டுக் காயவைத்த பழத்தை ஒரு பெட்டி நிறைய அனுப்பிவைத்தேன்.

இப்போது மறுபடி அக்டோபர். கரடியை விரட்டவென்று வாசலில் தொங்கவிட்ட தகரச் சட்டியும் கரண்டியும் அப்படியே தொங்குகின்றன. விடியலில் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, மரம் இருந்த இடத்தையே பார்க்கிறேன். முந்தாநாள் சட்டியை எடுத்துச் சும்மா இரண்டு தட்டு தட்டினேன். சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

இந்த வருடம் கரடிகூட வரவில்லை.