அம்புரோஸ் சுவாமியாரின் தலையை யார் வெட்டுவது?

1

இதை நான் பக்தியால் எழுதத் தொடங்கவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் மாதா கோயில் பெருநாளுக்கு நாடகம் வேண்டும் என்று சீமோன் அண்ணை கேட்டார். மறுத்தால் தானே எழுதுவதாகப் பயமுறுத்தினார். சனங்களைக் காப்பாற்றவே பேனையைத் தூக்கினேன்.

"ஒரு இங்கிலிஸ் புனிதரைப் பற்றி எழுது பிள்ளை. இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு விளங்கும்."

பதினாறாம் நூற்றாண்டில் தலை போன ஆங்கிலேயர் எங்கள் பிள்ளைகளுக்கு எந்த வழியில் சொந்தம் என்று அவர் சொல்லவில்லை.

2

முதல் வரைவு: "மூடுபனி சூழ்ந்த இலண்டன் மாநகரில் அம்புரோஸ் சுவாமியார் என்னும்"

போதும். இலண்டன் என்றால் மூடுபனி வந்துதான் ஆகவேண்டுமா?

அம்புரோஸை வரலாற்றில் தேடாதீர்கள். நானே செய்தேன். அந்தக் காலத்து அசல் சுவாமிமாரிடம் ஆளுக்கோர் எலும்பாக எடுத்துப் பொருத்தினேன்.* அரசருக்குப் புதுப் பெண்டாட்டி கட்ட ஆசை. அதனால் திருச்சபைக்குத் தானே தலைவர் என்கிறார். சுவாமியார் "இல்லை" என்கிறார். கழுத்து கேட்கப்படுகிறது. புனிதராவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

* புனிதர்களின் எலும்பை எடுத்து வைத்து வணங்குவது எங்கள் சமயத்தில் மரியாதையான காரியம்.

3

சுவாமியாராக நடிக்க சீமோன் அண்ணை முன்வந்தார். யாரும் கேட்கவில்லை.

வெட்டுகிறவனுக்கு உயரமான ஆள் வேண்டும். யேசுரட்ணம் அண்ணையைக் கேட்டேன். அவருக்கும் சீமோன் அண்ணையைப் போல மன்னார்தான் ஊர். இருவரும் பல வருடமாக ஒரே பூசைக்கு வந்து வேறு வேறு வாங்கில் தள்ளி உட்காருவார்கள். [ஒரே ஊர்க்காரர் தள்ளி இருப்பது எங்களில் வழமை. காரணம் கேட்கவில்லை.]

"ஓம்," என்றார், கழுத்து அசையாமல். தலையாட்டாமல் "ஓம்" சொன்ன தமிழரை அன்றுதான் கண்டேன். நல்ல பகிடி என்று குறித்தும் வைத்தேன்.

4

பழைய ஆங்கில வழக்கம் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. வெட்டுகிறவன், வெட்டப்படுகிறவர் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்பான். அவரும் மன்னிப்பார். பிறகு வெட்டுவான். என்னவொரு நாகரிகம்!

அந்தக் காட்சிக்கு முகமூடி வாங்கினேன். ஹாலோவீன் முடிந்த மறுநாள், டொலர் கடையில் அரைவிலை. தலை முழுவதையும் மூடும் கறுப்புத் துணி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

(இங்கே ஒரு பகிடி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

கோயில் பேஸ்மென்டில் ஒத்திகை. யேசுரட்ணம் அண்ணை முகமூடியோடு வந்து நின்றார். சீமோன் அண்ணைக்கு வசனம் வரவில்லை.

"உந்த முகமூடியைக் கழட்டச் சொல்லு," என்றார் என்னிடம்.

"நாடகம்தானே அண்ணை..."

"ஊரில ஆமிக்காரன் எங்களை வரிசையில விட்டு நடத்தேக்க, உப்பிடித்தான் ஒருத்தன் தலையில சாக்குப் போட்டுக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில நிண்டவன். என்ர தம்பி வரேக்க தலையை ஆட்டினவன். தம்பியை ஏத்திக்கொண்டு போனாங்கள். அவன் திரும்பி வரேல்ல."

தலையாட்டி: முகத்தை மூடி நின்று ஆமிக்கு ஆளைக் காட்டிக் கொடுப்பவன். அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் தெரியும். முகம்தான் யாருக்கும் தெரியாது.

யேசுரட்ணம் அண்ணை முகமூடியைக் கழற்றவில்லை. முழந்தாளிட்டார். நான் எழுதிக் கொடுத்தது: "சுவாமி, இது அரச கட்டளை. அடியேனை மன்னித்தருளும்." துணிக்குள்ளிருந்து வந்தது:

"என்னையும் அடிச்சவங்கள், சீமோன். தாங்கேலாமல்தான்... என்னை மன்னிச்சிடு."

5

முடிவு அ: சீமோன் மன்னிக்கிறார். எல்லோரும் அழுது, ரோல்ஸ் சாப்பிட்டு, வீடு போகிறார்கள்.

முடிவு ஆ: சீமோன் கோடரியைப் பறித்து ஓங்குகிறார். அது காட்போட் அட்டை. மடங்குகிறது.

முடிவு இ: சீமோன் அண்ணை

இதை என்னால் எழுத முடியவில்லை. அம்புரோஸுக்கு "மன்னித்தேன், மகனே" என்று ஒரு மூச்சில் எழுதிக் கொடுத்தவள் நான். செத்து நானூறு வருடம் கடந்தவர்களை மன்னிக்க வைப்பது மிகவும் சுலபம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

நடந்தது இவ்வளவுதான். சீமோன் அண்ணை குனிந்து, தன் கையாலேயே அந்தத் துணியைக் கழற்றினார். அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, கண்ணை எடுக்காமலே, என்னைக் கேட்டார்:

"பிள்ளை, இதில எனக்கு என்ன வசனம்?"

பிரதி என் கையில்தான் இருந்தது.

அவர் இன்னும் காத்துக்கொண்டு நிற்கிறார். மற்றவர் இன்னும் முழந்தாளில். வசனம் உங்களுக்கும் தெரியும். முடிந்தால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.