வியாழக்கிழமை அட்டைகள்

பெட்டியை மூடப்போகிற நேரத்தில் கம்பெனி கார் வந்து நின்றது. மானேஜர் ராமதாஸ் ஆளுயர மலர்வளையத்தோடு இறங்கினார். நாடாவில் கம்பெனியின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. செத்துப்போன டோரதியின் பெயருக்கு இடம் போதவில்லை போலும்.

அக்கா இருதயம்மாள் தலைமாட்டை விட்டு நகரவில்லை. இருவருக்கும் அந்தக் கம்பெனியில்தான் வேலை. கம்ப்யூட்டருக்கான அட்டைகளில் துளை போடுகிற இடம். ராயபுரத்தில் ஒரு கிடங்கு மாடியில் நாலு மெஷினோடு தொடங்கி, இரண்டே வருஷத்தில் நாற்பதாக வீங்கியிருந்தது. கப்பல் பில்லைப் பார்த்து டோரதி அட்டையில் அடிப்பாள். அதே பில்லைப் பார்த்து, அதே அட்டையை வைத்து, இருதயம்மாள் இன்னொரு மெஷினில் மறுபடி அடித்துச் சரிபார்ப்பாள். ஒத்துப்போனால் அட்டை நகரும். இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும்.

"நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று தொடங்கிய ராமதாஸ், கம்பெனியின் வளர்ச்சியைப் பற்றி ஏழு நிமிஷம் பேசினார். சாமியாரே ஜெபத்தை அதற்குள் முடித்திருந்தார். "ரெண்டு வருஷத்துல ஒரு தப்பு கிடையாது. அவங்க பேரை போர்டுல எழுதி மாட்டப்போறோம்."

"உசுரோட இருக்க சொல்ல ஒரு ஃபேன மாட்டல" என்றாள் அத்தை அடைக்கலமேரி, தெருமுனை வரை கேட்கிற ரகசியக் குரலில்.

கிளம்பும்போது ராமதாஸ் இருதயம்மாளிடம் குனிந்தார். "வியாழக்கிழமை டோரதி அடிச்ச அட்டை சரிபார்க்காம அப்படியே இருக்கும்மா. கப்பல்காரன் நெருக்குறான். வேற பொண்ணை உட்கார வைக்கட்டுமா?"

"வேணா சார். திங்கக்கெயம நானே வர்றேன்."

"இன்னாடி இது, மண்ணு காயறதுக்குள்ள?" என்றாள் அத்தை.

இருதயம்மாள் பெட்டிக்குள் தங்கையின் விரல்களைப் பார்த்தாள். வியாழக்கிழமை காலையில், "தலை வெடிக்கிற மாரி கீதுக்கா" என்று பாயிலேயே சுருண்டு கிடந்தாள் டோரதி. "நடிக்காத, எய்ந்திரு. நீ ஒரு நாள் வரலன்னா அந்த சீட்ல வேற ஒருத்திய குந்த வெச்சிடுவான்" என்று புடவையை எடுத்து வீசியவள் இவள்தான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி. மூளைக்காய்ச்சல் என்றார்கள். சனிக்கிழமை பெட்டி.

திங்கட்கிழமை மெஷின் முன் உட்கார்ந்தாள். விளக்கு எரியாவிட்டால், வியாழக்கிழமை டோரதிக்கு அப்படியொன்றும் உடம்பு முடியாமல் இல்லை. அது ஒன்று தெரிந்தால் போதும்.

நூறு அட்டைகள் சத்தமில்லாமல் நகர்ந்தன. இருதயம்மாளுக்கு மூச்சு சீரானது.

நூற்றொன்றாவதில் சிவப்பு.

பில்லில் 416 மூட்டை. மறுபடி அடித்தாள். சிவப்பு. மூன்றாவது தடவையும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் அட்டையின் தலையில் ஒரு வெட்டு வெட்டிவிடும். மாலையில் யார் பெயரில் எத்தனை வெட்டு என்று எண்ணுவார்கள். அட்டையின் விளிம்பில் அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்தாள். டோரதி அடித்திருந்தது 446.

இருதயம்மாள் 446 என்று அடித்தாள். விளக்கு அணைந்தது.

அடுத்ததிலும் தப்பு. அதற்கடுத்ததில் ஒரே எண் ஐந்து தடவை விழுந்திருந்தது, விரல் விசையின் மேலேயே அசந்துவிட்ட மாதிரி.

பக்கத்து மெஷின்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, லைட்டு எரியுது?"

"ஒண்ணும் இல்ல. நீ உன் வேலயப் பாரு."

இருதயம்மாள் பில் கட்டைக் கவிழ்த்து ஓரமாக வைத்தாள். அட்டையின் விளிம்பை மட்டும் பார்த்து, டோரதியின் விரல் போன இடத்துக்கெல்லாம் தன் விரலையும் கொண்டுபோனாள். கடைசி அட்டை வரை விளக்கு எரியவே இல்லை.