ஐந்து மடங்கு விலையில் ஒரு பங்கு

விசைத்தறிக் கூடத்தில் கோமதிநாயகம் சேலைக் கட்டைப் பிரித்தார். மேலே இருந்ததைத் தொடவில்லை. நடுவிலிருந்து ஒன்றை உருவி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். விலையைக் குறைத்துச் சொன்னாலே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சங்கரன்கோவிலில் அவர் தலையில் மட்டச் சரக்கைக் கட்ட ஒருவராலும் முடியாது. அப்பேர்ப்பட்ட ஜவுளி வியாபாரிதான் போன வருஷம் செல்போனில் ஒரு வீட்டுக்கடன் கம்பெனியின் பங்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

'பி.இ. 5' என்றிருந்தது. ஒரு பங்குக்கு ஒரு வருஷத்தில் வரும் லாபத்தைப் போல ஐந்து மடங்குதான் அதன் விலை என்று அர்த்தம். அதே தொழிலில் மற்ற கம்பெனிகளின் பங்குகள் இருபது மடங்குக்கு விற்றன. அடிமாட்டு விலை என்று குதித்தார் மனுஷன். தான் வாங்கியதோடு விட்டாரா? கணவனை இழந்த தங்கை சங்கரேஸ்வரி, மகள் காவியாவின் நர்சிங் படிப்புக்கென்று பேங்கில் போட்டிருந்ததையும் எடுத்து அதில் போட வைத்தார். இது மட்டும் ஏன் மாமா இவ்வளவு மலிவு என்று காவியா கேட்டாள். அவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வருமா? சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அடக்கிவிட்டார்.

அந்த வருஷ லாபத்தில் பெரும்பகுதி, கம்பெனி தன் சொந்தக் கட்டடத்தை விற்றதால் வந்தது. ஒரு கட்டடத்தை வருஷா வருஷமா விற்க முடியும்? கடன் வாங்கிய பில்டர்கள் தவணை கட்டாமல் இழுத்தடிப்பதும் கம்பெனி அறிக்கையிலேயே இருந்தது. சேலைக் கட்டைப் பிரித்துப் பார்த்தவர் அறிக்கையைத் திறக்கவே இல்லை. அடுத்த வருஷம் கம்பெனி நஷ்டத்தில் விழ, பங்கு கால் விலைக்கு வந்துவிட்டது.

மார்க்கெட்டே விழுந்துவிட்டது என்று தங்கையிடம் போனில் சொல்லித் தப்பித்தார். பச்சைப் பொய். மற்ற வீட்டுக்கடன் பங்குகள் நன்றாகத்தான் இருந்தன. அதன்பிறகு அவள் தெருப்பக்கமே அவர் போகவில்லை.

காவியா கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. அதைப் பேச அண்ணனைக் கூப்பிட்டனுப்பினாள் சங்கரேஸ்வரி. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவளுடைய கொழுந்தன் பேச்சிராஜ் அவரைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன ஒண்ணும் சொல்லாதிய. மார்க்கெட்டே விழுந்துட்டு, அவுக என்ன செய்வாக?" என்றாள் சங்கரேஸ்வரி.

ஏச்சைக் கேட்டு நின்றவரால் இதைக் கேட்டு நிற்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போய், காவியாவையும் சேர்த்து மூன்று பேர் முன்னாலும் சொன்னார்.

"மார்க்கெட் விழல தங்கச்சி. நான் சொன்னது பொய். பி.இ. கொறஞ்சிருந்தா மலிவுன்னு அர்த்தமில்ல, ஏன் கொறஞ்சிருக்குன்னு பாக்கணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். அடுத்தவுக துட்ட அதுல போடச் சொல்லவே கூடாது. நான் எல்லாத்தையும் தப்பாச் செஞ்சிட்டேன். காவியாவுக்கு ஃபீஸ் நான் கெட்டுதேன்."

சங்கரேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள்.

"துட்டு போனதுக்கு நான் ஒங்கள ஒரு வார்த்த கேட்டனா? இத அன்னைக்கே சொல்லியிருந்தா, ஒங்களுக்காக நான் ஊரு பூரா சண்ட போட்டிருக்க மாட்டேன்லா அண்ணே?"