சார்ஜருக்கு ஒரு சொல்

வர்ஜீனியாவில் ஜூடித்தின் வீட்டு நிலவறையில் ஆண்டுக்கொரு முறை கூடும் லோஜ்பான்காரர்களுக்கு ஒரு விதி உண்டு: மதியச் சாப்பாடு முடியும்வரை ஆங்கிலம் வாயில் வரக்கூடாது. தர்க்கம் பிசகாமல் பேசுவதற்கென்றே மனிதர்கள் உட்கார்ந்து கட்டிய மொழி அது. அதில் கணினிச் சாமான்களுக்குச் சொல் போதாது என்று, மூன்று நாளாகச் சண்டை போட்டு நூற்றுப் பன்னிரண்டு சொற்களைச் செய்திருந்தார்கள். எல்லாம் கொரினின் லேப்டாப்பில் இருந்தன.

இருந்தன என்றால், திரையில் இருந்தன. ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. கடைக்குப் போன ஜூடித்தின் கணவர் ஃபிளாப்பியோடு வந்தால்தான் சேமிக்கலாம். அதுவரை பேட்டரி செத்தால் எல்லாம் போச்சு. கொரினின் சார்ஜரோ காலையிலேயே புகைந்து போயிருந்தது. ஐந்து வருடமாக ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். மாலையில் இந்தப் பட்டியலை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப் போகிறவளும் அவள்தான்.

சாப்பாட்டு நடுவில் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. அன்று சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து எதிரே உட்கார்ந்திருந்த வெண்டலிடம் அதே மாதிரி சார்ஜர் உண்டு. ஆனால் பாழாய்ப்போன அந்தச் சாமானுக்கு மட்டும் இன்னும் சொல் செய்யவில்லை. கொரின் அவசர அவசரமாக இரண்டு லோஜ்பான் வேர்ச்சொற்களை ஒட்டினாள்.

"வெண்டல், உன் மின்நிரப்பியக் குடு! சீக்கிரம்!"

வெண்டலுக்கு நன்றாகவே புரிந்தது. பையிலிருந்து சார்ஜரை எடுத்தும் விட்டான். கொடுக்கத்தான் இல்லை, தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினான். புதுச் சொல் ஒன்று காதில் விழுந்தால் அதை அலசாமல் விடும் வழக்கம் இந்தக் கூட்டத்துக்குக் கிடையாது.

"சொல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இப்ப எதையாவது நிரப்புதா? பையில சும்மா கெடந்துச்சு. நிரப்பாதத எப்படிம்மா நிரப்பின்னு சொல்றது?"

"அதானே!" என்றாள் ஜூடித், சாண்ட்விச்சைக் கீழே வைத்து. "சுவத்துல சொருகினா ஒரு பேரு, கழட்டினா ஒரு பேரா?"

"ஐயோ, குடுப்பா முதல்ல!"

"குடுக்கறேன். என்னத்தக் குடுக்கறேன்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடுக்கறேன்."

கொரின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். இவர்கள் கேலி செய்கிறார்களா, நிஜமாகவே கேட்கிறார்களா? ஆங்கிலத்தில் ஒரு கத்து கத்தலாமா? ஒரு தடவைகூட விதியை மீறாதவள் அவள். பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினாள்.

"ஆகக்கூடி இது வெறும் கயிறுதான்," என்று தீர்ப்புச் சொன்னான் வெண்டல்.

அதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. நீட்டிய கையை மடக்கி, விரலை ஆட்டினாள்.

"கயிறா? அறிவிருக்கா உனக்கு? இப்பவே நிரப்பணும்னு எவன் சொன்னான்? நிரப்பக்கூடியதா இருந்தாப் போதும்! மேசமேல சும்மா கெடக்கற கத்தி கத்தி இல்லையா?"

அவள் சொல்லி முடித்ததும் லேப்டாப் 'டிக்' என்றது. திரை கறுத்தது.

கொரினின் கண்ணில் நீர் முட்டியது. சார்ஜர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடுங்காமல் வாதாடியது அவளேதான். யாரைத் திட்டுவதென்றே விளங்கவில்லை.

வெண்டலின் முகத்தில் ஈயாடவில்லை. சார்ஜரை மெல்ல அவள் முன்னால் வைத்தான்.

"நீ சொன்னதுதான் சரி, கொரின்," என்றான், அப்போதும் லோஜ்பானிலேயே. "நிரப்பக்கூடியது."

ஐந்து வருடத்தில் முதல் தடவையாக இந்தக் கூட்டத்தில் ஒரு வாதத்தை அவள் ஜெயித்திருந்தாள். விம்மி விம்மி அழும்போதே உள்ளுக்குள் சந்தோஷமும் வந்தது. இது என்ன கண்றாவி என்று அவளுக்கே புரியவில்லை.