இஞ்சினுக்குள் சிவப்பு

எஸ்டேட் லோரியின் இஞ்சினைப் பிரித்த பிட்டர் தனராஜுக்கு எரிச்சல் வந்தது. எண்ணெய்க் கரியைத் துடைக்கத் துடைக்க, உள்சுவர் முழுக்கச் சிவப்பாக இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று எந்த மடையன் இதற்குள் பெயிண்டு அடித்தான்? வாய்விட்டே திட்டினான்.

"பெயிண்டு இல்ல தம்பி, ஆயுத பூசை குங்குமம்," என்றார் டிரைவர் இருளப்பன். "அஞ்சு வருசத்துக்கு முன்ன பழைய பிட்டர் இத மூடுறப்ப என் கண்ணால பாத்தேன்லா. அன்னியிலேருந்து செருப்பக் கழட்டிட்டுத்தான் லோரியில ஏறுறேன்."

குங்குமமாவது மண்ணாவது! தனராஜ் பெட்ரோலில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தான். நிறம் துளியும் வரவில்லை. சரி, பெயிண்டுதான். ஆனால் எதற்கு? ஒரு கரண்டி எண்ணெயைச் சிவப்பின் மேல் ஊற்றினான். அது வழுக்கிக்கொண்டு கீழே ஓடியது. பெயிண்டு படாத ஒரு மூலையிலும் ஊற்றினான். சொரசொரப்பான இரும்பில் அது தங்கித் தங்கி இறங்கியது.

"பாத்தீங்களாண்ணே? எண்ணெ சீக்கிரம் கீழ எறங்கத்தான் அடிச்சிருக்கான். கெட்டிக்காரன்லா!"

இருளப்பன் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

மறுவாரம் இஞ்சினை மூடியதும், ஓட்டிப் பார்க்கத் தனராஜே ஏறினான். தானா ராத்தா மலைப்பாதை வளைவில் பிரேக்கை மிதித்தபோதுதான் உள்ளங்கால் ஜில்லென்றது. அவனுடைய செருப்பு பட்டறை வாசலில், லோரி நின்றிருந்த இடத்தில் கிடந்தது.