பதினொன்று பதினேழுக்கு என்ன ஆனது

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் மனைவியின் தங்கை சாப்பாட்டு மேசையில் வைத்துக் கொடுத்தது. கண் மருத்துவமனை ஒன்றில் கணினி இணைப்புகளைப் பார்த்துக்கொள்பவள். "எழுதுங்க மாமா, பேரு மட்டும் வேணாம்" என்றாள். ஆகவே, இனி 'அவள்'.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் ஜன்னலோரம் நின்று

(மழை பெய்யவில்லை. அவள் அறைக்கு ஜன்னலும் கிடையாது. விட்டுவிடுவோம்.)

வெளியூரிலிருக்கும் பெரிய டாக்டர் தினமும் வீடியோவில் நோயாளிகளைப் பார்ப்பார். பேச்சின் நடுவில் இணைப்பு அறுந்துவிடும். மூன்று வாரமாகப் பழி அவள் தலையில். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் எழுதித் தராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

அவள் பிங் ஓடவிட்டாள். அதாவது, இங்குள்ள கணினி டாக்டரின் கணினியிடம் நொடிக்கொரு தரம் "இருக்கியா?" என்று கேட்கும், அது "இருக்கேன்" என்னும். (என் வீட்டிலும் இந்த ஏற்பாடு உண்டு. "இருக்கேன்" சொல்வது நான்.) மாலையில் பார்த்தால் பல்லாயிரம் 'இருக்கேன்', நடுநடுவே 'பதில் இல்லை'. எத்தனை மணிக்கு? அது மட்டும் எங்கும் இல்லை.

3

மறுநாள், ஒவ்வொரு வரிக்கு முன்னும் மணி, நிமிடம், நொடி விழும்படி சின்னக் கட்டளை ஒன்றைச் சேர்த்தாள். (இதை மூன்று பக்கம் விவரித்திருந்தேன். "யாரு படிப்பா?" என்றாள் மனைவி.)

நான்கு அறுப்புகள்: 10.05, 10.48, 11.17, 12.31. மருத்துவமனை லைனில் அப்போதெல்லாம் ஒரு பிசகும் இல்லை. நோயாளிகளோடு உட்காரும் நர்ஸின் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நான்கு முறையும் யாரோ ஒரு நோயாளி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நால்வருமே மெல்லப் பேசுகிறவர்கள்.

இங்கே டாக்டரைத் திமிர் பிடித்தவராக்கப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.

4

அவள் போன் போட்டாள்.

"டாக்டர், பதினொன்னு பதினேழுக்கு என்ன ஆச்சு?"

"எழுபதா?"

சத்தமாகத் திரும்பச் சொன்னாள்.

"காது சரியா கேக்கலம்மா. மூணு தடவை 'என்ன'ன்னு கேப்பேன். நாலாவது தடவை வெக்கமா இருக்கும். ஒயரைப் பிடுங்கிடுவேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. பாதி வழியில் நின்றும்விட்டது. இனி கேள்விகளை நர்ஸ் தட்டச்சு செய்து அவர் திரைக்கு அனுப்புவார், அவர் இந்த வாரமே காதைக் காட்ட வேண்டும் என்று சொன்னாள். டாக்டர் சின்னப்பிள்ளை மாதிரி சரி, சரி என்றாராம். மறுநாள் ஓர் அறுப்பும் இல்லை.

5

அறிக்கையில் எழுதினாள்: 'டாக்டர் பக்கம் ஒயர் லூஸ். சரிசெய்யப்பட்டது.' அறுந்த நேரங்களின் பட்டியலையும் இணைத்தாள். மேலாளர் லேசுப்பட்டவரா? அவரும் நர்ஸின் குறிப்பேட்டை வரவழைத்தார். விரல் 11.17இல் நின்றது.

"ஏம்மா, யாராவது கேள்வி கேக்கறப்போ மட்டும் லூஸாகிற ஒயரா?"

அவள் ஒரு பதில் சொன்னாள். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். டாக்டரும் காதில் கருவியோடு தொடர்கிறார். அந்தப் பதிலை எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொந்தமாக மூன்று பதில்கள் எழுதிக் காட்டினேன். "எங்க மேலாளர் இதையெல்லாம் நம்ப மாட்டாரு மாமா" என்றாள்.

கீழே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். மேலாளர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் சீக்கிரம்:

"சார், அது வந்து